கவிஷன் பேரச் சொல்ற வகுப்பு

கவிஷன் அப்பாவுக்கு,

ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன், சாப்புடுங்க. இத கதவுல சொருகிட்டுப் போறேன், சாவி பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காகிட்ட இருக்கு.

நான் சேர்ச்சுல யேசுவப் பத்திச் சொல்லித்தர்ற வகுப்புக்குத்தான் போறேன். "கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப் போறியாடி?"ன்னு நேத்து கத்துனீங்க. யேசுவ நம்புறேனான்னு எனக்கே தெரியலங்க. நம்ம புள்ளைய எந்தச் சாமியும் காப்பாத்தல.

கைப்புள்ளைக்குக் கருமாதி கெடையாதுன்னு சொல்லி, பொதைச்சிட்டு வந்ததோட முடிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒருத்தரும் அவன் பேரச் சொல்லல. நீங்களும் சொல்லல. வட்டவளையிலருந்து எங்கம்மா போன் எடுத்தாலும் மழையப் பத்தித்தான் பேசுது. அந்த வகுப்புல பாஸ்டரோட சம்சாரம் மட்டுந்தான் "புள்ள பேரென்னம்மா?"ன்னு கேட்டாங்க. வாய்விட்டு கவிஷன்னு சொன்னேன்.

வெளியில காயுற உடுப்ப எடுத்து வைங்க.

இன்னொன்னு, வகுப்பு இன்னையோட முடியுதுங்க. அடுத்த கெழமையிலருந்து அவன் பேர எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியல.