எரிமலை விளிம்பில் கடைசி வாய்ச் சோறு

இன்று அந்தியில் விளக்கேற்றத் தீக்குச்சி கிழித்தேன். நமத்துப்போன குச்சி, சுடரைவிடப் புகைதான் முந்திக்கொண்டு வந்தது. அந்தக் கந்தக நெடி மூக்கில் ஏறியதும் நான் தூத்துக்குடியில் இல்லை. ஹவாய்த் தீவின் எரிமலைப் பூங்காவில், கண்ணாடி ஜன்னல் ஓரத்து மேசையில், உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஒரே பள்ளியில் நீ பூகோள டீச்சர், நான் தமிழ் டீச்சர். அடுத்தடுத்த வகுப்பறைகள். எரிமலைப் பாடம் வந்தால் சிவப்பு சாக்பீஸ் கேட்டு என் வகுப்பு வாசலில் வந்து நிற்பாய். கூம்பாக ஒரு மலை, உச்சியில் நெருப்பு, பலகை நிறைய வரைவாய். "பாக்காததைத்தாம்ளா நான் நல்லா வரையுதேன்" என்று சிரிப்பாய். உன் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே மருத்துவர் கொஞ்ச காலம் இடைவெளி கொடுத்தபோது, எங்கே போகலாம் என்று அமெரிக்காவிலிருந்து உன் மகள் கேட்டாள். நீ யோசிக்கவே இல்லை. "நெருப்பைக் காட்டு" என்றாய். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாய். இன்னொரு பயணம் இருக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பூங்காவின் உணவகம் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலேயே இருந்தது. ஜன்னலோர மேசைக்கு உன் மகள் முன்பே சொல்லிவைத்திருந்தாள். ஆனால் நாம் போய் உட்கார்ந்தபோது வெளியே ஒரே மூடுபனி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ வேட்டியைக் காயப்போட்டது போல. மீனும் சோறும் வந்தன. சாப்பிட்டோம். பனி விலகவில்லை. மறுநாள் காலையில் விமானம்.

பரிமாறிய அம்மாள் தட்டை எடுக்க வந்தார். நீ தட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"அம்மா, வெளிய எவ்வளவு பேரு நிக்காங்க பாரு" என்றாள் மகள்.

"நிக்கட்டும். பந்தில ஒருத்தி சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில எந்திரிக்கப்பிடாது. அந்தம்மாவுக்குத் தெரியாது, சரி. ஆத்தூர்க்காரி மகளுக்குமா தெரியாது?"

பிறகு என் தட்டைப் பார்த்தாய். "ஏளா, நீ ஏன் அதுக்குள்ள வழிச்சு வச்சிருக்க? பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான், நான் டப்பாவைத் திறக்குமுன்ன நீ கை கழுவிட்டு வருவ." உன் மீனில் ஒரு துண்டைப் பிய்த்து எனக்கு வைத்தாய். "மெதுவாத் தின்னு."

நம் ஊர்க் கல்யாணப் பந்தியில், பல் இல்லாத ஒரு பெரியவர் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கி ஊறவைத்துக்கொண்டிருப்பார். வரிசை முழுவதும் காய்ந்த கையோடு காத்திருக்கும். மரியாதைக்கு ஏற்பட்ட அந்த வழக்கத்தை வைத்து அன்று நீ ஒரு மேசையைப் பிடித்து நிறுத்தினாய். மருந்தில் நாக்கு மரத்துப்போயிருந்த உனக்கு ஒவ்வொரு வாயும் பாரம். ஒரு பருக்கை, பிறகு ஜன்னல். இன்னொரு பருக்கை, பிறகு ஜன்னல். அந்த அம்மாளுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பிறகு அவர் தட்டுப் பக்கம் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டுப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் பனி சிவந்தது. பிறகு ஒரு பக்கமாகக் கிழிந்தது. கீழே, அகன்ற கரும்பள்ளத்தின் நடுவில், நெருப்பு இருந்தது.

நீ கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாய்: "ஏளா, இது மலையாவே இல்லையே. தண்ணி வத்தின குளம் மாதிரில்லா கிடக்கு. நான் பிள்ளைகளுக்குக் கோபுரத்தைல்லா வரைஞ்சு காட்டிருக்கேன்!"

மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நீ தட்டில் மிச்சமிருந்த ஆறிய சோற்றை வழித்து வாயில் போட்டாய். "சரி, இப்ப எந்திரி" என்றாய்.

ஆத்தூரில் உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் என் இலையில் ஒரு வாய் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காக அந்த வரிசையும் உட்கார்ந்திருந்தது. உன் மகள் குனிந்து, "சித்தி, எல்லாரும் உங்களுக்காகத்தான் இருக்காங்க" என்றாள். தெரியும். நான் எழுந்தால் பந்தி முடிந்துவிடும். அந்தச் சோற்றை உண்டுவிட்டு எழுந்தேன்.

வீட்டில் என்னை அவசரப்படுத்த யாருமில்லை. இன்றும் விளக்கு வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் ஒரு வாய் சோறு மிச்சமிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நம் தெருதான். "இப்ப எந்திரி" என்று நீ சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.