ஜூன் பதினைந்து என்று எழுதியவன்

ஜவ்வாது மலை,
9-7-1989, ஞாயிறு.

அன்புள்ள சலீமா அக்காவுக்கு,

தீர்த்தகிரி எழுதிக்கொண்டது. நீங்களும் பாயும் குழந்தையும் சுகம்தானே? பம்பாயில் மழை பிடித்துக்கொண்டு ரயிலெல்லாம் நிற்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் பக்ரீத் வந்துவிடும். பண்டிகை நாளில் படிக்கிற கடிதம் இல்லை இது. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பிரியுங்கள்.

மார்ச்சில் நீங்கள் போட்ட கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நம் கூட்டுறவுச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத டிபேஸ் வேண்டாம், கிளிப்பரே போதும் என்று செயலாளர் ராஜவேலு முடிவு செய்ததில் உங்களுக்கு வருத்தமில்லை, அவருக்கு ஏதாவது யோசனை இருந்திருக்கும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அது அவர் யோசனை அல்ல, அக்கா. என்னுடையது.

போன வருஷம், பம்பாய் போவதற்கு முன்னால், வேலூரிலிருந்து வந்து பதினைந்து நாள் இங்கே தங்கினீர்களே, சாமை விதை விநியோகத்துக்கு டிபேஸில் மாதிரி செய்து காட்டினீர்களே, நீங்கள் பஸ் ஏறின மறுநாள் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாப்பா, ரெண்டுல எது நமக்கு ஒத்து வரும்? நீதான் படிச்சவன், எழுதிக் குடு" என்றார். நான் முழுப்பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். டிபேஸில் எழுதியதை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம், முறைகேடு நடக்கும், கிளிப்பரில் அந்தப் பேச்சே இல்லை என்று எழுதினேன். முறைகேடு என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் மேற்கொண்டு படிக்கவே இல்லை.

இரண்டும் அக்கா தங்கை மாதிரி, கட்டளைகள் முக்கால்வாசி ஒன்றுதான் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். "டிபேஸ்னா ஒரு வரிய பாஞ்சாலையே மாத்திக்குவா. கிளிப்பர் வேகந்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா புரோகிராம எழுதி வெச்ச மூல பிளாப்பி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் மாத்த முடியும். வருஷம் பூரா இங்க யாரு இருக்கப் போறாங்கன்னு பாத்துக்கோ" என்றீர்கள். நான் பார்த்தேன். அந்தப் பிளாப்பி என்னிடம் இருக்கும்வரை என்னை யாரும் அசைக்க முடியாது என்பதைத்தான் பார்த்தேன். ஆயிரத்து நூறு பேர் பட்டியலில் கிளிப்பர் மிச்சப்படுத்தும் நேரம் ஒரு டீ குடிக்கக்கூடப் போதாது. கிளிப்பர்மேல் குறை சொல்லவில்லை. குறை என்மேல்.

பாஞ்சாலையை உங்களுக்கு நன்றாகத் தெரியும். சங்கத்துக் கிளார்க், பத்தாவது படித்த எங்கள் மலைப்பெண், உங்களிடம் டிபேஸ் கற்றுக்கொண்டு ஊர் வாரியாகப் பெயர்ப்பட்டியல் அடித்துக் காட்டியவள். அன்றைக்கு நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். மனசுக்குள் எரிந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மலையில் சாமை விதைக்கும் நாளை மழை பார்த்து ஊர்த் தலைவரான நாட்டார்தான் சொல்வார். சொன்ன நாளில் ஊரே விதைக்கும். தவறவிட்டுத் தனியாக விதைத்தவன் நிலத்தில்தான் குருவி அத்தனையும் இறங்கும். மலையில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மலைக்குக் கீழே ஆபீசிலிருந்து வந்த தாளில் விநியோகம் ஜூன் பதினைந்து முதல் என்று போட்டிருந்தது. அதையே புரோகிராமில் எழுதினேன். "உங்க மலையில வெதைக்கிற நாள யாரு சொல்றது?" என்று கேட்டது வாணியம்பாடிக்காரரான நீங்கள். அதெல்லாம் பழைய பழக்கம் அக்கா என்று சிரித்தேன். ஒழுங்கு வரவேண்டும் என்று கைச்சீட்டையும் நிறுத்தச் சொன்னேன். கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் கிடங்கு திறக்காது.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஜூன் முதல் தேதி விதைப்பு என்று நாட்டார் சொல்லிவிட்டார். மே இருபத்தொன்பதாம் தேதியே மூன்று ஊர்க்காரர்கள் சாக்கோடு வந்து நின்றுவிட்டார்கள். பாஞ்சாலை எத்தனை முறை அழுத்தினாலும் "விநியோகக் காலம் தொடங்கவில்லை" என்றே திரையில் வந்தது. மாற்ற வேண்டியது ஒரே வரி. அந்த வரி இருந்த பிளாப்பி என் பையில், நான் மெட்ராஸில். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் என் திறமையைக் காட்டுவதற்காக எடுத்துப் போயிருந்தேன். அவளிடம் அத்தை மகன் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன், அதனால் தந்தியும் அங்கேதான் போனது.

சாக்கோடு நின்றவர்களில் எங்கப்பா சடையனும் ஒருவர். "உம்புள்ள எழுதுன மிஷினுதானே, நீயே கேளு" என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்களாம். மூன்று நாள் நடந்து வந்து, மூன்று நாளும் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார். விதைப்பு நாள் போய்விட்டது. நான் ஊர் திரும்பினதும் அவர் கேட்டது ஒன்றுதான், "சாப்ட்டியா?" என்று. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் இரண்டாம் தேதி பாஞ்சாலையே ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரின் தேதியை ஜூன் பதினைந்து என்று மாற்றி வைத்துச் சீட்டு அடித்து எல்லாருக்கும் விதை கொடுத்துவிட்டாள். இத்தனை மூளை எனக்கு இருந்ததாகத்தான் ஊரில் பேச்சு. அடுத்த வாரமே தணிக்கைக்கு வந்தவர், இன்னும் வராத ஜூன் பதினைந்தாம் தேதியில் சீட்டு இருப்பதைப் பிடித்தார். பொய்த்தேதி போட்டு விதையை எடுத்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புரோகிராமில் கோளாறு உண்டா என்று என்னிடம் எழுத்தில் கேட்டார்கள். இல்லை, சரியாகவே வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அக்கா. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதை நினைத்தாலே கூசுகிறது. அவள் வீட்டு வழியாகப் போகாமல் இப்போது ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நாளை விசாரணை. மெட்ராஸ் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது, பதினேழாம் தேதி சேர வேண்டும். வாயைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. என்னை எனக்குத் தெரியும், அக்கா. செயலாளர் எதிரே நின்றதும் வேலை கிடைத்த செய்தியை மட்டும் சொல்வேன், பிறகு வெளியே வந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். டிபேஸ் வேண்டாம் என்று நான் கொடுத்த தாளின் நகலும் மூல பிளாப்பியும் இதோடு இருக்கின்றன. நாளைக் காலையில் இதைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் சங்கத்துக்குப் போவேன். நான் பேசினேனா என்று செயலாளருக்கு ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள். பேசவில்லை என்று பதில் வந்தால், யோசிக்காமல் இந்தக் கடிதத்தை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிளாப்பியில் உள்ளதை டிபேஸுக்கு மாற்றுவது உங்களுக்கு ஒரு வார வேலை. முடியுமானால் செய்து பாஞ்சாலை பெயருக்கு அனுப்புங்கள். விதைப்பு நாளை அவளே போட்டுக்கொள்ளும்படி வையுங்கள், நாட்டாரிடம் கேட்டு அவள் போட்டுக்கொள்வாள்.

மன்னிப்பு என்ற சொல்லை நாலைந்து முறை எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

நீங்களும் பாயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். பதில் எழுத மனம் வந்தால் எனக்கு வேண்டாம், அக்கா. பாஞ்சாலைக்கு எழுதுங்கள். அவள் செய்தது தப்பில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இத்தனை நாளாக அவளிடம் அதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தீர்த்தகிரி