தலைகீழ் ஃபோர்க்

அக்டோபர் 6

அனீஸ் எனக்குச் செய்தது அநியாயம். அவன் மாட்டிக்கொடுத்த ஃபோர்க்கால் என் மனைவியின் கை முறிந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

என் கரிஸ்மா பைக்கில் முன் சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க் துருவேறிப் போய், பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்தியது. ஓசூரில் தேடி அலைந்து, புதுசு போல ஒரு ஜோடி தலைகீழ் ஃபோர்க் வாங்கி வந்தேன். தடித்த குழாய் மேலே, பளபளக்கும் மெல்லிய குழாய் கீழே. பழையதில் நேர்மாறு. ஹேண்டில் தண்டை மாற்றி அழுத்த பிரஸ் மெஷின் வேண்டும் என்பதால்தான் இண்டூர் பஜாரில் பட்டறை வைத்திருக்கும் அனீஸிடம் போனேன். இல்லாவிட்டால் நானே முடித்திருப்பேன். பம்பு செட்டையும் டிராக்டரையும் யாரிடம் படித்துக் கழற்றினேன்?

வண்டியைக் கொடுக்கும்போது பாடம் வேறு எடுத்தான். "மாமா, கீழ இருக்கற குழாய்தாங்க இதுல உசுரு. துணியால தொடச்சு மட்டும் வெச்சுக்கங்க." "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வண்டி ஓட்டனவன்டா நான்" என்றேன். சிரித்தான்.

வெள்ளிக்கிழமை தர்மபுரிக்குப் போகும் வழியில் முன்னால் போன தக்காளி வேன் சட்டென்று நின்றது. முன் பிரேக்கை முழுதாக இழுத்தேன். பிடிக்கவே இல்லை. பிரேக் டிஸ்க் முழுக்க ஃபோர்க்கிலிருந்து கசிந்த ஆயில். எனக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த சென்னம்மாளுக்கு இடது மணிக்கட்டு.

அக்டோபர் 7

பஜாரில், டீக்கடை முன்னால் நின்று அனீஸைக் கேட்டேன். கூட்டம் கூடட்டும் என்றுதான் கேட்டேன்.

"ஆயில் சீல் போடத் தெரியாதவனுக்குப் பட்டறை எதுக்குடா? ஆளக் கொல்றதுக்கா?"

"மாமா, வண்டியக் கொண்டாங்க. பிரிச்சுப் பாத்துட்டுப் பேசலாங்க."

"மறுபடியும் உன் கையில குடுக்கணுமா? இன்னொரு கை பாக்கி இருக்குதுன்னா?"

யாரோ சிரித்தார்கள். பட்டறையில் வண்டி விட்டிருந்த இரண்டு பேர் பாதி வேலையிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். போகட்டும். நாலு உயிர் பிழைக்கும்.

அக்டோபர் 9

பட்டறைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பெரியண்ணன் வீடு தேடி வந்தார். "அனீஸ தீபாவளிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டனுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கட்டடத்துக்குத்தான் கெட்ட பேரு."

செய்தது சரி என்றேன். அவர் போன பிறகு சென்னம்மாள், "அந்தப் புள்ள அந்தக் கடைய வுட்டா எங்க போவும்?" என்று கேட்டாள்.

அக்டோபர் 10

ஒற்றைக் கையால் அவளால் தலை பின்ன முடியவில்லை. நான் பின்னினேன். "முடிதாங்க அது. மாட்டுக்குக் கயிறு திரிக்கற மாதிரி இழுக்கறீங்க" என்றாள்.

அக்டோபர் 12

அவன் தப்பை ஊருக்கே காட்டலாம் என்று ஃபோர்க்கைக் கழற்றினேன்.

டிஸ்க் பக்கத்து ஃபோர்க் காலில், ஆயில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. அதற்கு நேர் கீழே, குழாயில் ஒரு கீறல். நகம் வைத்தால் மாட்டுகிறது. ஆயிலும் மண்ணும் அப்பிக் கிடந்ததை வழித்தால், கட்டுக்கம்பி முறுக்கு ஒன்று சீலின் வாயில் சொருகி நின்றது.

என் கம்பி.

மகாளய அமாவாசையன்று, புது ஃபோர்க்குக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். பழைய ஃபோர்க்கில் எப்போதும் கட்டும் அதே இடத்தில், கீழே. கயிறு தளர்ந்துவிடும் என்று கம்பி போட்டு முறுக்கினேன். பழையதில் அந்த இடம் வெறும் உறை, எதைக் கட்டினாலும் ஒன்றும் ஆகாது. இதில் அதுதான் சீலுக்குள் ஏறி இறங்கும் குழாய். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் கம்பி சீலைக் குத்தியிருக்கிறது. பழம் எங்கேயோ விழுந்துவிட்டது. கம்பி விழவில்லை.

பிறகும் விடவில்லை நான். அவன் முடுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன் — ஒன்றாவது தளர்ந்திருக்காதா என்று. எல்லாம் சரியாக இருந்தன.

அக்டோபர் 13

கம்பியைக் கிணற்றில் போட்டேன். போட்ட பிறகு அங்கேயே நின்றேன். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று போட்டேன்?

அக்டோபர் 15

அனீஸ் வீட்டுக்கு வந்தான். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கை எப்பிடி இருக்குதுங்க அத்தை?"

"கூடிரும்பா. தண்ணி குடி."

பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, நானும் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்துட்டங்க. சீல் எறக்கறப்ப எங்கியோ கவனிக்காம வுட்டுட்டன் போல. மன்னிச்சுக்கங்க. கடைய எடுத்துட்டு ஓசூருக்கு வேலைக்குப் போறன். வாப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க."

"சரி சரி" என்றேன்.

சரி சரியாம்! அந்தப் பையன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்கறான், என் வாய் என்ன தெச்சா கெடந்துச்சு? செய்யாத தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்டான், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சாத்துக்குடியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். சீ.

அக்டோபர் 16

சாப்பிடும்போது சென்னம்மாள் கேட்டாள். "அந்தப் புள்ள மன்னிப்பு கேக்கறப்ப நீங்க எதுக்குங்க தரையப் பாத்துட்டு இருந்தீங்க?"

சொல்லிவிட்டேன். கம்பியை, கிணற்றை, எல்லாவற்றையும். கையைக் காட்டித் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என் கைய வுடுங்க. பஜார்ல கத்துனது இந்த வாய்தான? இப்ப சமையக்கட்டுல வந்து குசுகுசுன்னா ஆச்சா?"

"அவனத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"கத்தறப்ப தனியாவா கூப்பிட்டீங்க?"

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

அக்டோபர் 17

நாளைக்கு ஆக வேண்டியவை:

நான் — டீக்கடை முன்னால், அன்று நின்ற இடத்தில், கூட்டம் இருக்கும் நேரத்தில் நிற்க வேண்டும். கம்பி கட்டியது நான். பிரித்துப் பார்க்காமல் அவனைச் சொன்னது நான். தெரிந்த பிறகும் அவனை மன்னிப்புக் கேட்க விட்டது நான். மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதை முழுங்கிவிடக் கூடாது.

பெரியண்ணன் — காலி பண்ணச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் அவர் வாசலில் நான் உட்காருவேன். பிடிவாதம் எனக்கு வராததல்ல.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போன இரண்டு பேர் — அவர்களைக் கூப்பிட வேண்டாம், அவர்கள் வீட்டுக்கு நான் போக வேண்டும்.

அனீஸின் வாப்பா சுபான் — ஊரார் வாயால் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்க வேண்டும்.

அனீஸ் — ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மன்னிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சென்னம்மாள் — கூட வருகிறாள். என் சத்தம் குறைந்தால் இருமுவாளாம்.