சிஸ்டர் படகு

7 ஜனவரி 2025, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே அம்மாவின் போன் ஆரம்பித்துவிட்டது. ரிட்டயர் ஆகி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. சர்க்கரையும் சிறுநீரகமும் படுத்திய பாட்டில் குப்பத்தை விட்டுப் பொன்னேரிக்கு என்னோடு வந்தே இரண்டு வருடம். ஆனால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, பாலம் எட்டாமல் கிடக்கிற அந்த மீனவ ஊருக்கு இன்னும் இவள்தான் நர்ஸ். அங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள், நன்றாகவும் வேலை செய்கிறாளாம். இருந்தாலும் வயிறு வலித்தால் இவளுக்குத்தான் போன்.

இன்று சுபஸ்ரீ. ஊர் நிர்வாகி ராஜவேலுவின் மருமகள். பிரசவத்துக்குப் பிப்ரவரி பத்து தேதி கொடுத்திருக்கிறார்கள்.

"இரும்பு மாத்திர போடறியா? பொய் சொல்லாத. கறுப்பா வெளிக்கி போவுதா இல்லியா, அத்த சொல்லு."

நான் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்!

"அந்த ஊரு ஒனக்கு இன்னாதாம்மா குடுத்துச்சி?" என்று கேட்டேன்.

"சம்பளம் வாங்கிக்கினுதானடி வேல செஞ்சேன். அவங்க இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

கோர்ட்டில் நாள் முழுக்க அடுத்தவர் பிராதை டைப் அடிக்கிறேன். என் பிராதை யாரிடம் கொடுப்பது? நாற்பத்து மூன்று வயதிலும் குப்பத்துக்காரர்களுக்கு நான் "சிஸ்டர் பொண்ணு". கலைவாணி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். அம்மாவுக்குக் கால் வீக்கம். அப்படியும் குப்பத்துக்குப் போய் சுபஸ்ரீயைப் பார்க்கணுமாம். போகக்கூடாது என்றேன். சண்டை. வழக்கம்போல நான் 1997-க்குப் போய்விட்டேன்.

மார்ச் மாதம், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. நைனா இல்லாத வீடு. படிப்புக்காக நான் பொன்னேரியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். பரீட்சை முடியும்போது ஸ்கூல் கேட்டில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்தாள் அம்மா. எல்லார் அம்மாவும் நின்றார்கள். நாலு மணி வரைக்கும் பார்த்தேன், வரவில்லை. மறுநாள் வந்து, "வேலம்மாவுக்குப் பிரசவம். கொஞ்சம் கஷ்டமான கேசு" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பரீட்சையில் தொண்ணூற்று ஒன்று வாங்கினேன். அதையும் அவள் ரிசல்ட் வந்து மூன்று நாள் கழித்துத்தான் கேட்டாள்.

இருபத்தெட்டு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கே அலுப்பாக இருக்கிறது.

21 ஜனவரி, செவ்வாய்

அம்மா போய்விட்டாள். காலை ஏழே கால்.

22 ஜனவரி, புதன்

நேற்று காலை காபியைக் கையில் கொடுத்தேன். "போன் சார்ஜ் போட்டியா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கடைசி வார்த்தை, போன்!

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது நான்தான். தெருக்காரர்கள் இருபது பேர், கோர்ட்டிலிருந்து நாலு பேர்.

குப்பத்துக்குச் சொல்லவில்லை. எழுதிவிடுகிறேன், மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. வேண்டுமென்றேதான் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது அம்மா எனக்கு மட்டும் இருக்கட்டும்னு தோணிச்சி. தப்பா?

23 ஜனவரி, வியாழன்

பால் தெளித்து அஸ்தி எடுத்தாயிற்று. வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று பெரியம்மா சொன்னதால், கலயத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டிப் பின்பக்க முருங்கை மரத்தில் மாட்டியிருக்கிறேன். எங்கே கரைப்பது என்று தெரியவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

பீரோவைத் திறந்து போனை உயிர்ப்பித்தேன். தவறிய அழைப்பு நூற்றுப் பதினேழு என்று மெசேஜ் வந்து குவிந்தது.

யார் யார் என்று பார்த்தேன். அம்மா பெயர் பதிந்து வைத்திருக்கிற அழகு! "ரத்தம் கம்மி தேவி". "ரெட்டப்புள்ள கமலா". "மாத்திர முழுங்காத சுபா". என் பெயரைத் தேடினேன். "வாணி கோவக்காரி". தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே அடித்தது. மாத்திரை முழுங்காத சுபா.

"சிஸ்டர்! எங்க போயிட்டீங்க ஒரு வாரமா? நான் பயந்தே போயிட்டேன்."

சொன்னேன்.  அந்தப் பக்கம் போனைக் கீழே போட்ட சத்தமும், அந்தப் பெண் தெருவில் ஓடிக் கதறுவதும் கேட்டது. ஒவ்வொரு வீடாக அந்த அழுகை பரவுவதை நான் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அணைக்கத் தோன்றவில்லை.

27 ஜனவரி, திங்கள்

பத்து மணிக்கு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் நெருக்கியடித்து முப்பது பேர். முதலில் குதித்தவள் இருசம்மாள். மீன் விற்கிறவள், அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவள். படியில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா பொண்ணு நீ! எங்க சிஸ்டர ஒரு தபா மொகத்தக் காட்டாம எரிச்சிட்டியே, நெஞ்சு இருக்குதா ஒனக்கு? நாங்க இன்னா செத்தா போயிட்டோம்? எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

எனக்கும் வாய் இருக்கிறதே. "எனக்கு எங்கம்மாவ எப்ப விட்டீங்க நீங்க? என் கணக்குப் பரீட்ச அன்னிக்குக்கூட ஒங்க ஊரு வேலம்மாவுக்குப் பிரசவம்னு..."

இருசம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். "அந்த நாளா? ஒங்கம்மா ஒண்ணும் சொல்லலியா?"

சொன்னதில்லை. இருசம்மாள்தான் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கு ஊரில் ஒரு சாவு. ஊரில் பிணம் கிடந்தால் ஒரு படகும் தண்ணீரைத் தொடக்கூடாது, அது அங்கே பரம்பரைக் கட்டு. அந்த நேரம் பார்த்து வேலம்மாவுக்கு வலி. குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. ஏரியைத் தாண்டிப் பழவேற்காடு போனால்தான் இரண்டு உயிரும் தப்பும். ஆண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். அம்மா கயிற்றை அவிழ்த்து, வேலம்மாவைப் படகில் படுக்க வைத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தானே தள்ளியிருக்கிறாள். கோலை எந்தப் பக்கம் ஊன்றுவது என்றுகூடத் தெரியாதவள்!

"பாக்கப் பொறுக்கல எனக்கு. ஏறி கோல வாங்கிக்கினேன். அவ வேலம்மாவப் புடிச்சிக்கினா, நான் ஊனுனேன். ஒன்ற மணி நேரம்."

அந்த வாரமே பஞ்சாயத்து. பெண்கள் அதில் உட்காரக்கூடாது. இருசம்மாளுக்குத் தெண்டம் என்றார்களாம். வெளியே நின்றுகொண்டே அம்மா போட்ட கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்டதாம்.

"இன்னா சொன்னா தெரியுமா? செத்தவருக்கு மரியாத பண்ணுங்கப்பா, வாணான்னு சொல்லல. பொறக்கப் போறதுக்கு ஒரு படக வெச்சிட்டுப் பண்ணுங்க – அப்டின்னா. ஊரே ஒத்துக்கிச்சி."

அன்றிலிருந்து அங்கே கட்டு மாறிவிட்டது. சாவு விழுந்தால் எல்லாப் படகும் கரையேறும், ஒன்றே ஒன்று மட்டும் தண்ணீரில் தயாராக நிற்கும். அதற்குப் பெயரே சிஸ்டர் படகு. அந்தக் கை முதலில் வந்த குழந்தை, கதவோரம் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்த இளவழகன். இப்போது சிஸ்டர் படகு அவனுடையது.

இருபது வருடமாகக் கோர்ட்டில் டைப் அடிக்கிறேன். ஒரு சட்டம் என் கண் முன்னால் மாறியதில்லை. எங்கம்மா பஞ்சாயத்துக்கு வெளியே நின்றே ஒரு ஊர்ச் சட்டத்தை மாற்றியிருக்கிறாள். அதை என்னிடம் ஒரு வார்த்தை பீற்றிக்கொள்ளவில்லை. கஷ்டமான கேசாம்!

29 ஜனவரி, புதன்

தப்புதான். நான் செய்தது தப்பு.

2 பிப்ரவரி, ஞாயிறு

குப்பத்துக்குப் போனேன். பழவேற்காட்டிலிருந்து இளவழகன் படகில். பதினைந்து வருடம் இருக்கும் நான் அங்கே கால் வைத்து.

அஸ்தியை ஏரி கடலில் விழும் முகத்துவாரத்தில் கரைக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். கேட்பதற்குள் ஊரே கூடிவிட்டது. ஆளாளுக்கு அம்மாவைப் பற்றி என்னிடம் ஒப்பிக்கிறார்கள். செருப்பைக் கையிலும் தடுப்பூசிப் பெட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு சேற்றில் வந்ததை ஒருவர் நடந்தே காட்டினார். ஒரு பெண், மாமியாருக்குத் தெரியாமல் அம்மா தனக்கு முட்டை அவித்துக்கொடுத்ததைச் சொன்னாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எல்லாம் எனக்குத் தெரியும்டி" என்றாள். சுனாமி அன்று ஓடுகிற ஓட்டத்தில் கர்ப்பிணிகளை மட்டும் எண்ணிக்கொண்டே ஓடினாளாம், "எட்டு பேரு இருக்கணும், ஏழுதான் கீது" என்று திரும்பி வேறு போனாளாம். எட்டாவது பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாளாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருட சர்வீஸில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இன்றுதான் தெரிகிறது. தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பதினாறாம் நாள் கரைக்கலாம் என்று ராஜவேலு சம்மதித்தார். அப்போது இருசம்மாள் சும்மா இருக்காமல், "அன்னிக்கு ஊரு கடல நிறுத்தணும், ஒரு படகும் எறங்கக் கூடாது" என்றாள்.

ராஜவேலு தொண்டையைக் கனைத்தார். "நம்ம ஊர்ல பொணம் வெச்சாதாம்மா நிறுத்தறது. அதான் கட்டு. இவங்க பொன்னேரியிலயே முடிச்சிட்டாங்க. போதாததுக்கு இப்ப எறா நல்லா படற நேரம். ஒரு நாளுன்னாலும் எல்லாரும் ஒத்துக்கணும். பேசிட்டுப் பாக்கலாம்."

"பரவால்லீங்க, வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொய். வேணும். எனக்கு வேணும். அந்த ஊரில் பிறக்காதவள், அந்த ஊர் ஆளுக்கு வாழ்க்கைப்படாதவள். இருந்தாலும் அவர்கள் ஆளுக்குச் செய்கிற மரியாதையை அவளுக்குச் செய்யவேண்டும். அதைக் கெடுத்ததும் நான்தான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

குப்பத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை.

5 பிப்ரவரி, புதன்

கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெரியம்மா பக்கத்தில் உட்கார, இளவழகன் படகில் போனேன். பாதி ஏரி தாண்டியதும் அவன் இஞ்சினை நிறுத்தினான்.

"கேளுக்கா" என்றான்.

ஒன்றும் கேட்கவில்லை. விடிந்தால் எந்நேரமும் தடதடக்கிற ஏரி. இன்று பறவைச் சத்தம் மட்டும்.

"எல்லாம் கரையில கீது. எறா போனா நாளைக்கி வரும், சிஸ்டர் வருவாங்களான்னு எங்க ராஜவேலு மாமாதான் சொன்னாரு. ஒன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாங்க. நீயே பாக்கணும்னாங்க."

 கரையில் பார்த்தேன். அத்தனை படகும் வரிசையாக ஏற்றியிருந்தார்கள். ஒரு வலைகூட விரிக்கவில்லை. ஊரே குளித்துவிட்டு நின்றது. ஜமுனா என்கிற எங்கம்மாவுக்காக.

இறங்கி எல்லாரிடமும் கலயத்தைக் கொடுத்தேன். ஒவ்வொருவராகத் தொட்டு, பூப் போட்டார்கள். எரிக்கும்போது காட்டாத முகத்தை இப்படித்தான் காட்ட முடிந்தது. ஒன்பது மணிக்கு நானும் பெரியம்மாவும் முகத்துவாரம் போக மறுபடி படகில் ஏறி உட்கார்ந்தோம். நிறுத்தின நாளில் தண்ணீரைத் தொடலாம் என்பது இந்த ஒரு படகுக்குத்தான்.

தெருக்கோடியிலிருந்து சத்தம். சுபஸ்ரீயின் மாமியார் தலைவிரி கோலமாக ஓடி வருகிறாள். சுபஸ்ரீக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

இளவழகன் என்னைப் பார்த்தான், கலயத்தைப் பார்த்தான். ராஜவேலு கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள், அவருடைய பேரப்பிள்ளை. என்னிடம் எப்படிக் கேட்பார்?

 எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "பெரியம்மா, எறங்கு" என்றேன். "அந்தப் பொண்ணக் கொண்டாங்க. சீக்கிரம்! ஒருக்களிச்சிப் படுக்க வைங்க!" யார் குரல் அது? என் குரல்தான். பெரியம்மா என்னை வாய் பிளந்து பார்த்தாள்.

படகு போய்விட்டது. புது நர்ஸும் இருசம்மாளும் கூடப் போனார்கள். நான் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். ஊரே என்னோடு உட்கார்ந்தது. காரியத்துக்கு நேரம் தவறுகிறது என்று பெரியம்மா முணுமுணுத்தாள். தவறட்டுமே!

பத்து, பதினொன்று, ஒன்று. மறுபடியும் நான் அம்மாவோடு காத்திருக்கிறேன், மறுபடியும் அவளுக்கு ஒரு கேசு. ஸ்கூல் கேட்டில் நின்ற அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லணும்போல இருந்தது. "அழாதடி. ஒங்கம்மா எங்க நின்னுக்கினு இருக்கா தெரியுமா?" என்று.

மூன்று மணிக்கு அந்த ஒற்றை இஞ்சின் சத்தம் கேட்டது. இருசம்மாள் படகில் எழுந்து நின்று, முந்தானையைத் தலைக்கு மேலே வீசினாள். "பொட்டப்புள்ள! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!"

கரையில் எழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. சாவு வீட்டில் இப்படிச் சிரிப்பார்களா? எல்லாரும் சிரித்தார்கள். ராஜவேலு என் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். 

நாலு மணிக்கு முகத்துவாரத்தில் அம்மாவைக் கரைத்தேன். ஓதம் இறங்கி ஏரித் தண்ணீர் கடலுக்குள் ஓடுகிற நேரம், ஒரே இழுப்பில் போய்விட்டாள். எப்போதும் அவசரம்தான் அவளுக்கு.

9 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவின் போனைச் சார்ஜ் போட்டு வைத்தேன். குப்பத்துப் புது நர்ஸின் நம்பரையும் 108-ஐயும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். மருந்து மாத்திரை எனக்குத் தெரியாது. யாரிடம் போகவேண்டும் என்று சொல்லத் தெரியும், அதட்டவும் தெரியும்.

பதினொன்றரைக்கு அடித்தது. ரத்தம் கம்மி தேவி.

எடுத்தேன். "சிஸ்டர் பொண்ணு பேசறேன். சொல்லு தேவி, மாத்திர போட்டியா?"