வெளியே விட்ட சேட்டு

பியர்பொன்ட்ஸ்,
ஆவணி 2006.

அன்பு மகன் றெனோல்ட்டுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம், உன் மனைவி சஜிதாவும் பிள்ளை ஜொய்சியும் எங்களோடு சுகமாக இருக்கிறார்கள். உன் சுகத்தை நான் கேட்கவில்லை, அதைத்தான் நீ ஹூஸ்டனில் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாயே. இங்கே பின்வளவில் தக்காளி காய்த்துத் தள்ளுகிறது, அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்தபாடில்லை, ஆனாலும் இரண்டு பஸ் மாறிப் பூசைக்குப் போய் வருகிறார். லீவுக்கு வந்த சஜிதா ஏன் இன்னும் திரும்பவில்லை, என்ன சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று நீ அப்பாவிடம் போனில் சத்தம் போட்டாயாம். போனில் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

ஆனியில் நாங்கள் உன் வீட்டுக்கு வந்தபோது, மனிசர் வேர்த்து ஒழுகுகிற வெயிலில் நீ தொளதொளவென்று பூப்போட்ட சேட்டை வெளியே விட்டு, அதற்கு மேலே கையில்லாத கோட்டும் போட்டுக்கொண்டு காரடியில் நின்றாய். பொடியனுக்கு வயிறு வைத்துவிட்டது, மறைக்கிறான் என்று நினைத்து உனக்குச் சோற்றைக்கூடக் குறைத்துப் போட்டேன். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு கையை உயர்த்துவதும் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதுமாக நீ பட்ட பாட்டைக் கல்யாணப் பெண்ணும் பட்டிருக்க மாட்டாள். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் அப்பா உன்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கை உன் வலது இடுப்பில் பட்டு அப்படியே நின்றுவிட்டது. நற்கருணைகூட வாங்காமல் வெளியே போய், கதவைத் திறந்து வைத்தபடி அந்தக் கொதிக்கிற காருக்குள் இருந்தார். உனக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வகுப்பெடுக்கிற வாத்தியார் மாதிரி எங்களுக்குப் பாடம் நடத்தினாய். கடும் நிறச் சேட்டு நல்லதாம், பூப்போட்டது இன்னும் நல்லதாம், காற்சட்டை இடுப்பு ஒரு அளவு பெரிதாக வேண்டுமாம், பெல்ட் தடிப்பாக இருக்கவேண்டுமாம், விழுந்ததை இடுப்பை வளைத்து எடுக்காமல் குந்தி எடுக்கவேண்டுமாம். "உடுக்கத் தெரிஞ்சவன் உடுத்தால் பக்கத்தில நிக்கிறவனுக்கும் தெரியாதம்மா" என்றாய். யாருக்கு மகனே தெரியாது? உன்னைப் பார்த்தால் நாரி பிடித்து இடுப்பை வளைக்க முடியாதவன் களவாகக் கோழி கொண்டுபோகிற மாதிரி இருக்கிறது. கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்துவிட்டுப் பல்பசை வாங்கப் போகிறவனுக்கு இவ்வளவு வேஷமா. கூட வேலை செய்கிற ஒருவனைக் கார் நிறுத்துமிடத்தில் மறித்துப் பேர்ஸைப் பறித்தார்கள் என்றுதானே தொடங்கினாய். அவன் புதுப் பேர்ஸ் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரிகிறான். பயந்து செத்துக்கொண்டிருப்பது நீதான், அதைத் தைரியம் என்று வேறு சொல்லிக்கொள்கிறாய்.

அப்பா அன்றைக்கு உன்னோடு சண்டை பிடிக்கவில்லை. திரும்பி வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். உன் பெரியப்பா மரியதாசனை மன்னாரில் அவருடைய கடை வாசலில் சுட்டது உனக்குத் தெரியும், அப்பா உள்ளே தராசடியில் நின்றது உனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்துப் பொடியன் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. "மூஞ்சி நினைவில்லை றோஸ், சேட்டை வெளியால விட்டிருந்தவன், கையை ஒரு பக்கமா ஒதுக்கி நடந்தவன், என்ர மகனும் இப்ப அப்பிடித்தான் நடக்கிறான்" என்றார். இதைச் சொல்லிவிட்டு மனிசன் சாப்பிடவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தது எதற்கு என்று நினைத்தாய், நீ அதே துவக்கைக் கடையில் வாங்கி உடுப்புக்குப் பொருத்தம் பார்ப்பதற்கா.

இப்போது சஜிதாவின் கதைக்கு வருகிறேன். அவள் பிள்ளையோடு இங்கே வந்து சில நாளில், அப்பா முற்றத்துக் கதிரையில் இருந்து கையை நீட்டி ஜொய்சியைக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டு ஓடிவந்த பிள்ளை கிட்ட வந்ததும் சட்டென்று நின்று, கதிரையைச் சுற்றிப் போய் அவருடைய இடது பக்கத்தால் மடியில் ஏறினாள். ஏனம்மா சுத்திப் போறாய் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் வரக்கூடாது அப்பம்மா, அப்பா ஏசுவார்" என்றாள். உன்னைத்தான் சொன்னாள், ஐந்து வயதுப் பிள்ளை. அப்பா அவளை இறக்கி வலது பக்கத்தால் ஏறச் சொன்னார், அவள் மாட்டேன் என்று அழுதாள். சஜிதா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, இவ்வளவு நாளும் இது எனக்குப் பழகிப்போச்சு, இப்பதான் கண்ணில படுகுது" என்றாள். அடுத்த கிழமையே பிள்ளையை இங்கே பக்கத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டாள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை மகன், சொல்லிக்கொடுத்தது நீ.

அவளைத் திருப்பி அனுப்பு என்று என்னிடம் கேட்காதே, நான் சொல்லமாட்டேன். அந்தச் சாமானை விற்பதோ பொலிசில் கொடுப்பதோ உன் பாடு. பெட்டியில் பூட்டி வைக்கிறேன் என்ற கதை வேண்டாம், சஜிதா அதைக் கேட்டு முடித்துவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு, கண்டபடி கோப்பி குடிக்காதே, இரவில் செபம் சொல்லிவிட்டுப் படு. கோபத்தில் எழுதினாலும் நீ என் வயிற்றுப் பிள்ளை, மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் புத்தியையும் சேர்த்துக் காக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. வருவதென்றால் முதலில் சஜிதாவிடம் கேட்டுக்கொண்டு வா. இங்கே டொர்வால் விமான நிலையத்துக்குத் தானே வருவதாக அப்பா சொல்கிறார். அந்த முழங்காலோடு அவர் வந்து நிற்பார். நீ போய் அவரைக் கட்டிப்பிடி, அவர் கை எங்கே பட்டாலும் அசையாமல் நில்.

இப்படிக்கு,
உன் அம்மா
யோ. றோஸ்மேரி