சீனாவில் தங்கிப்போன கடிதங்கள்

என் கூடப்பிறந்த அக்கா, ஜைனம்பு லாத்தாவுக்குச் சலாம்.

நீ மவுத்தாகி ஒன்பது மாதம் ஆகிறது. நான் காரைக்காலுக்குத் திரும்பி வந்து மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தில் ஒரே இடத்தில் அரைமணி நேரம் நான் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. எழுந்தவுடன் கால் வாசலுக்கு இழுக்கிறது. கிளிஞ்சல்மேடு வரை நடக்கிறேன், வலை இழுப்பதைப் பார்க்கிறேன், திரும்புகிறேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறேன், உடனே மறுபடியும் மாட்டிக்கொள்கிறேன். முந்தாநாள் அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறி அங்கே இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். "என்ன வாத்தியாரே, யாரையாச்சும் தேடுறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன்.

உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அது தெரியாமலே நீ கண்ணை மூடிவிட்டாய்.

நம் ஊரில் பிரெஞ்சுக்கொடி இறங்கிய மறுவருஷம் நான் கிளம்பினேன். திருச்சிக் கல்லூரியில் என்னோடு படித்த சிநேகிதன் டில்லியில் வேலையாக இருந்தான். சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இங்கிலீஷ் வாத்தியார் வேண்டுமாம் என்று அவன்தான் எழுதினான். நீ மீன் அலசிக்கொண்டே சிரித்தாய். "காரைக்கால்காரனுக்கு இங்கிலீஷ் வரும்னு சீனாக்காரன்கிட்ட யாருடா சொன்னா?" என்றாய். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. "அங்க ஹலால் கிடைக்குமா?" என்று கேட்டாய். அதை மட்டும்தான் கேட்டாய், லாத்தா.

கிடைத்தது. முதல் வருஷம் அதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒரு சின்ன சாப்பாட்டுக்கூடம். அங்கே சமையல்காரர் பெயர் மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தொப்பி, மாவு படிந்த புருவம். 'ஆம்பளைக்கு மான்னு பேரா?' என்று நீ பதில் எழுதியிருந்தாய். முதல் நாள் நான் வாசலில் நின்று சலாம் சொன்னதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த பேச்சு அந்தச் சலாம் ஒன்றுதான்.

மாணவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள், சிலர் என்னைவிட மூத்தவர்கள். அதுவரை ருஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவர்கள். இனி இங்கிலீஷ் என்று மேலிடம் சொல்லிவிட்டதால் மறுபடியும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் ஒலிபெருக்கி அலறும், ஊரே திடலில் நின்று கையைக் காலை நீட்டி மடக்கும். பிறகு மரத்துக்கு ஒருவராகப் போய் நின்று பாடத்தைச் சத்தம்போட்டு வாசிப்பார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். "நீங்கள் இந்தியரா, பிரெஞ்சுக்காரரா?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரில் அது இன்னும் முடிவாகவில்லை என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் உனக்கு எழுதினேன். எழுதாமல் விட்டதும் உண்டு. தினமும் பத்துப் பேர் என் அறைக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினேனே, அது பொய். ஒருவரும் வரமாட்டார்கள். வந்தால் இரண்டு பேராக வருவார்கள், சந்தேகம் கேட்பார்கள், சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். குளிர் பழகிவிட்டது என்று எழுதியதும் பொய்தான். பஞ்சு வைத்துத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். உன் கொடுவாமீன் குழம்பை நினைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் சூப் குடித்திருக்கிறேன். நீ கவலைப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. வேறென்ன?

இரண்டாம் வருஷம் காற்று மாறிப்போயிற்று. கூட்டங்கள் அதிகமாயின. சுவரெல்லாம் ஆட்கள்மேல் குற்றம் சாட்டிக் கையால் பெரிதாக எழுதிய தாள்கள். என் கூடவே பாடம் தயாரிக்கும் லின் என்ற ஆசிரியை, வாய் ஓயாமல் பேசுகிறவர், ஒரு வாரத்தில் ஊமைபோல ஆகிவிட்டார். வராந்தாவில் எதிரே வந்தால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். என்ன தப்புச் செய்தேன் என்று யாரைக் கேட்பது? அந்த நேரத்தில்தான் உன் கடிதமும் நின்றது.

கடைசியாக வந்த உன் கடிதம் என்னைத் திட்டி எழுதியது. நீ பார்த்த பெண்ணை நான் வேண்டாம் என்றதற்கு. 'இனிமே ஒனக்கு எழுதவே மாட்டேன்' என்று முடித்திருந்தாய். ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயிற்று. கோபம் தீரட்டும் என்றிருந்தேன். நான் மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கப்பல் தபால் தாமதம் என்று ஒருநாள் நினைப்பேன், லாத்தாவுக்கு இத்தனை பிடிவாதமா என்று ஒருநாள் நினைப்பேன். ஐந்தாம் மாதம் உன் வீட்டுக்காரர், என் மச்சானிடமிருந்து தந்தி வந்தது. இங்கிலீஷில் நான்கே சொற்கள்.

அன்று பத்து மணி வகுப்பு. போனேன். கரும்பலகையில் தேதி எழுதினேன். அதற்குமேல் கை போகவில்லை. 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்து, கடைசியில் மாவின் சமையற்கூடத்தில் நின்றேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? அக்கா என்பதற்குச் சீனச் சொல் தெரியும், ஆனால் வாயில் வரவில்லை. மவுத்துச் செய்திக்குச் சொல்கிற "இன்னா லில்லாஹி"யைத் தொடங்கினேன். மீதியை அவர்தான் சொல்லி முடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதத் தொடங்கினார். அவர் உச்சரிப்பு வேறு மாதிரி இருந்தது, ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. தொடங்குமுன் யாருக்கு என்று சைகையால் கேட்டார், உன் பெயரைச் சொன்னேன். அந்த ஊரில் உன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது.

தந்தி வந்து மூன்று வாரம் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போனால் மேஜைக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள், ஓரத்தில் லின், நடுவில் தொப்பியைக் கையில் பிடித்தபடி மா. மேஜைமேல் ஒரு கட்டுக் கடிதம். வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்த்து அனுப்புவது அவர்கள் புது ஏற்பாடு. இங்கிலீஷில் இருந்தால் லின் படித்துவிடுவார். உன்னுடையதை யார் படிப்பது? நீ தமிழை அரபு எழுத்தில் எழுதுகிறவள், மதரஸாவில் கற்றுக்கொண்டது உனக்கு அது ஒன்றுதான். உனக்கு வாசிக்க வரவேண்டும் என்று நானும் அப்படியேதான் எழுதினேன். தெரியாத பாஷை என்று அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உன்னுடையது மூன்று, என்னுடையது மூன்று. கடைசியில் யாரோ, இது அரபு மாதிரி இருக்கிறது, சமையல்காரரைக் கூப்பிடுங்கள் என்றிருக்கிறார்கள்.

மா ஒரு தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வாசித்தார். எழுத்துகள் தெரியும், அர்த்தம் தெரியாது. தமிழுக்கென்று கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகளில் தடுக்கித் தடுக்கி நின்றார். ஏதோ குர்ஆனில் இல்லாத வார்த்தைகள் என்று தலையசைத்தார். மறுபடி தொடங்கினார். திடீரென்று ஒரு சொல் மட்டும் தடுக்காமல் தெளிவாக வந்தது. "லாத்தா."

சீனாவில், ஒரு அலுவலக அறையில், ஒரு சமையல்காரர் வாயால் உன்னைக் கேட்டேன். நீ இறந்து போனபிறகு.

நான் அழுததைப் பார்த்து அதிகாரிகள் பயந்துவிட்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். கடிதக்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, வருத்தம் என்று சொன்னார்கள். அர்த்தத்தை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். என் அக்காவுக்கு வயிற்றில் கட்டி இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போ என்கிறாள். லின் அதைச் சீனத்தில் சொல்லும்போது குரல் உடைந்துபோயிற்று. வெளியே வந்ததும், யார் பார்க்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல், என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது கடிதத்தில் நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். 'ஒன் மச்சான் தந்தி அடிக்கிறேங்கறாக. பரீச்சை நேரம், வேணாம்னு நாந்தான் தடுத்தேன். காயிதம் போதும், தம்பி வந்துடுவான்னு சொல்லிட்டேன். ஊருக்கு வீறாப்பு பேசுறேன். ஒனக்கு மட்டும் சொல்றேன், பயமா இருக்கு. வா.'

கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு வர இன்னும் சில மாதம் ஆயிற்று. அவசரப்பட்டு யாரைப் பார்க்க?

ஊரில் எல்லோருக்கும் நான் கடிதம் கண்டும் வராதவன். மச்சான் என்னைப் பத்து வயதிலிருந்து 'நீ' என்று கூப்பிட்டவர். வந்து இறங்கிய அன்று, "வாங்க வாத்தியார், சீனாவெல்லாம் சௌரியமா?" என்றார். அந்த 'வாங்க' அடி மாதிரி விழுந்தது. மூன்று மாதமும் அப்படித்தான். "சாப்பிடுங்க." "படுத்துக்குங்க." கட்டு என் பெட்டியில் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகாது. ஏன் காட்டவில்லை? காட்டினால் தப்பித்துக்கொள்வது போல் இருக்கும் என்று தோன்றியது. தந்தி அடித்துக் கேட்டிருக்கலாமே நான். எதற்கு உன் கோபத்தை நம்பினேன்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, கடிதங்களை மச்சான் முன்னால் வைத்துவிட்டேன். நின்றுகொண்டே வைத்தேன்.

"என்னங்க இது?"

"லாத்தா எழுதுனது மச்சான். அவங்க மவுத்தானதுக்கு அப்புறம்தான் என் கையில கொடுத்தாங்க. நான் எழுதுனதும் இதுலயே இருக்கு. ஒண்ணும் போய்ச் சேரல."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். நீ பயந்தது அவருக்கும் அதுவரை தெரியாது, லாத்தா. அவரிடமும் வீறாப்புத்தான் பேசியிருக்கிறாய்.

தாளைக் கீழே வைக்காமலே சொன்னார். "தெனம் பத்து மணிக்கு வாசல்ல வந்து நிப்பா. தபால்காரர் கையை விரிச்சுட்டுப் போவாரு. பெரிய வாத்தியாராயிட்டான், மறந்துட்டான்னு நான்தான் சொன்னேன். அப்படிச் சொல்லாதீங்கன்னு சண்டைக்கு வந்துட்டா. அவன் எழுதியிருப்பான், எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கும்னா. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கடிதங்களை மடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏன்டா நிக்கிற? ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

இப்போது எனக்கு இங்கேயும் வாத்தியார் வேலைதான். பிரெஞ்சில் மட்டுமே கோப்பு எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள், மேரி என்று இன்னும் பிரெஞ்சிலேயே அவர்கள் சொல்கிற நகராட்சி அலுவலகத்திலிருந்து, சாயங்காலம் வந்து இங்கிலீஷ் படிக்கிறார்கள். 'டேபிள்' என்று எழுதினால் 'தாப்ள்' என்று வாசிக்கிறார்கள். சீனப் பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடியும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. லின் கையெழுத்து. இந்த வருஷம் இல்லை என்று நேற்று பதில் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் என்ன செய்வேன்? தெரியவில்லை. மாவை ஒருதடவை பார்க்கவேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

லாத்தா, இந்த ஊரில் நான் நடக்காத தெரு இல்லை. வரிச்சிக்குடி வயல்வரப்பு வரை போய்விட்டேன். உன்னை அடக்கிய கபர் இருக்கும் பக்கம் மட்டும் இதுவரை திரும்பவில்லை. உனக்கே தெரிந்திருக்கும். எந்த முகத்தோடு வருவது என்றிருந்தேன்.

நாளை வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வருகிறேன். மச்சானும் கூட வருகிறார். உனக்கு எழுதி வந்து சேராத என் மூன்று கடிதத்தையும் எடுத்து வருகிறேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டுகிறேன். அவற்றிலும் நிறையப் பொய் இருக்கிறது. பொய் வருகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி, உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். எவ்வளவு நேரமானாலும் எழுந்திருக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
இப்ராஹிம்