கை சுத்தம்

மே 6, செவ்வாய்

வெயில். காலை ஒன்பதுக்கே தகர ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை. படப்பையில் ஷேர் ஆட்டோ கிடைக்க அரை மணி. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் கூடையில் கருவாடு. அந்த வாடையே இன்றைக்குப் பார்த்ததில் சுத்தமான விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் பாஷா பாய் மெக்கானிக் ஷெட்டில் ஒரு வெளிநாட்டுக் கார் நிற்கிறது. வல்லம் வடகாலில் பட்டறை வைத்திருக்கும் தனசேகருடையது. வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே கண்ணாடி ஏற்றி இறக்கும் பட்டன், ஏசி பட்டன், இரண்டு சீட்டுக்கும் நடுவில் கை வைக்கும் பெட்டி, எல்லாம் பிசுக்கு. விரலை வைத்தால் விரலோடு வருகிறது. பட்டன் மேல் மெத்தென்று இருக்க ஒரு ரப்பர் பூச்சு பூசுகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் நாலு வருஷத்தில் அது அழுகிவிடும். யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் அழுகும். இத்தனை விலை கொடுத்து வாங்கி, அழுகினதில் விரலை வைத்துக்கொண்டு போகிறார்கள். தூ.

ஸ்பிரிட், பழைய பனியன் துணி, பல் குச்சி. இதுதான் என் ஆயுதம். தின்னர் கூடாது, பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

இன்று பிசுக்கில் ஒட்டியிருந்தவை:
நீள முடி 3 (மருதாணிச் சிவப்பு)
விபூதி, ஏராளம்
மிக்சர் கடலை, பாதி
நகத்துண்டு. யாருடையதோ. வாந்தி வந்தது
கொசு, முழுசு
கை வைக்கும் பெட்டிக்கு அடியில் என்னவென்றே தெரியாத கறுப்புக் கூழ்

எல்லாவற்றையும் வழித்து, வழக்கம்போல உருட்டி, ஜன்னல் கட்டையில் வைத்தேன். உருட்டும்போது நறநற. மணலோ பிஸ்கட்டோ. கீழே சீட்டு: தனசேகர். வண்டிக்கு ஒன்று, வரிசையில் இது ஒன்பதாவது. ஷெட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் "லட்டு எடுத்துக்கோ" என்று நீட்டுவேன். போன மாதம் ஒரு சேல்ஸ்மேன் கையில் எடுத்தே விட்டான். இன்னும் திட்டிக்கொண்டிருப்பான்.

ஆனால் இந்த வண்டிப் பிசுக்கு வழக்கத்தைவிட மோசம். தொட்டால் வழிகிறது. டிரைவர் இசக்கியைக் கேட்டேன். தென்காசிப் பக்கத்துப் பையன், முப்பதுக்குள் இருக்கும், சட்டையில் மடிப்புக் கலையாது.

"இன்னாத்த தடவுன இதுல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தேங்கண்ணெ தாத்தா. பலாப்பழம் அறுத்தா கையில ஒட்டுதுல்லா, எண்ணெ போட்டாத்தான போகும். அதான் போட்டேன்."

"பலாப்பழமாடா இது?"

"ஒட்டுச்சே தாத்தா."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எண்ணெய் குடித்தால் இந்தப் பூச்சு இன்னும் ஊறி இளகும். நாள் முழுக்க அவனைப் "பலாக்கொட்டை" என்றே கூப்பிட்டேன். கோபப்படவில்லை. டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

வீட்டில் மருமகள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கையில் ஸ்பிரிட் வாடையாம்.

மே 7, புதன்

வெயில். முழங்கால் வலி. மருமகள் கத்திரிக்காய் வாங்கச் சொன்னாள், மறந்தேன்.

கண்ணாடி பட்டன் நாலும் முடிந்தது. ஒன்றில் அதிகம் தேய்த்து அம்புக்குறி அழிந்துவிட்டது. வெள்ளை பெயிண்டால் பல் குச்சி வைத்து வரைந்தேன். சற்றே கோணல். மேலே போகிற அம்பு வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது. யாரும் பார்க்கமாட்டார்கள்.

சாயங்காலம் தனசேகர் வேலையைப் பார்க்க வந்தார். இசக்கி டீக்கடைக்குப் போயிருந்தான். "ஏன் பெரியவரே, நம்ம வண்டி மட்டும் இவ்வளவு மோசமா இருக்கு?" என்றார்.

எனக்கு எண்ணெய் ஞாபகம். வாய் சும்மா இருக்குமா.

"உங்க டிரைவருக்குக் கை சுத்தம் இல்ல சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இசக்கி வந்ததும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரிய மனிதர்களுக்குச் சிரிப்பு லேட்டாகத்தான் வரும், வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

இரவு சோறு, ரசம். கத்திரிக்காய் இல்லாததால் பேச்சும் இல்லை.

மே 9, வெள்ளி

வண்டி இன்னும் ஷெட்டில்தான். கை வைக்கும் பெட்டியின் மூடி காய வேண்டும்.

பத்து மணிக்கு இசக்கி பஸ்ஸில் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. டிபன் பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டானாம், எடுக்க வந்திருக்கிறான்.

"என்னடா பலாக்கொட்டை, மொதலாளி உன்ன பஸ்ல அனுப்புறாரா?"

"மொதலாளி என்னைய நிறுத்திட்டாரு தாத்தா."

"இன்னாத்துக்கு?"

"மொதலாளியம்மாவுக்குத் தோட்டுத் திருகாணி ஒண்ணு போன மாசம் வண்டியில காணாமப் போச்சு. அப்போ ஒண்ணுஞ் சொல்லல. இப்போ யாரோ எனக்குக் கை சுத்தமில்லன்னு சொல்லியிருக்காவ. யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்காரு."

நான் பனியன் துணியை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

நான் சொன்னது எண்ணெய்க் கையை. அவர் காதில் விழுந்தது திருட்டுக் கை. அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அறுபத்தெட்டு வயசு. தெரியும். தெரிந்துதான் அதில் ருசி.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் வேலை கேட்டிருக்கிறானாம். அவர்கள் பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசாரித்துத்தான் எடுப்பார்களாம். "அவரு இதே வார்த்தையச் சொன்னாருன்னா முடிஞ்சுது தாத்தா. ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. பொண்ணு வீட்டுக்குக் காதுல விழுந்துச்சுன்னா..."

நான்தான் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன். அதில் என் விரல் பிசுக்கு ஒட்டியது. அவன் அதைத் துடைத்துக்கொண்டே போனான்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 10, சனி

தனசேகருக்குப் போன் செய்தேன். பாய் போனிலிருந்து. விளையாட்டுக்குச் சொன்னேன் சார், எண்ணெய் தடவினதைச் சொன்னேன் சார் என்று.

"அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. அவன் வந்து அழுதானா உங்கிட்ட?"

"இல்ல சார், நான்தான்..."

"திருகாணி எங்க போச்சு? அதச் சொல்லு, மீதியப் பேசலாம்." வைத்துவிட்டார்.

பாயிடம் முழுசாகச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தால் விஷயம் பெரிசு.

"உன் வாயி கீதே, பெருசு, அது வாயில்ல. மூடி இல்லாத சாக்கடை. அவன் உனக்கு டீ வாங்கிக்கினு வந்தான்யா."

"தெரியும் பாய்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"போய்ச் சொல்லு. சொல்லாம இந்தப் பக்கம் வராத."

மே 11, ஞாயிறு

லீவு. முகச்சவரம். பிளேடு கிழித்தது, தாடையில் பேப்பர் ஒட்டிக்கொண்டு வல்லம் போனேன்.

இசக்கியின் ரூமில் ஆறு பேர். மூன்று பேர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார்கள். கொடியில் ஆறு சட்டை, ஒன்று மட்டும் இஸ்திரி போட்டது. வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். நான்தான் அது. விளையாட்டுக்கு.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று மெல்லத்தான் பேசினான்.

"பலாக்கொட்டைன்னிய. சிரிச்சேன். எங்க அப்பனும் அப்படித்தான் கூப்பிடும். இது வேற தாத்தா."

"தப்புதான்டா."

"நாலு வருசம் அந்த வண்டிய ஓட்டியிருக்கேன். தினமும் துடைச்சிருக்கேன். சீட்டுக்கு அடியில, கால்மிதி மேட்டுக்கு அடியில, எல்லா இடமும் தேடுனேன். திருகாணி எங்கதான் போயிருக்கும், நீங்களே சொல்லுங்க."

"கை வைக்கிற பெட்டிக்கு அடியில பாத்தியா?"

"அது கழட்ட வராதுல்லா. நீங்கதான கழட்டுனீய."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது குன்றத்தூர் போகிற கும்பல், நெற்றியில் சந்தனம். ஒரு குழந்தை ஐஸை என் வேட்டியில் ஒழுகவிட்டது. துடைக்கவில்லை. நீங்கதான கழட்டுனீய. நீங்கதான கழட்டுனீய.

மே 12, திங்கள்

எட்டு மணிக்கே ஷெட். பாய் இன்னும் வரவில்லை.

ஜன்னல் கட்டை. ஒன்பதாவது லட்டு. இருமுறை கையில் எடுத்து இருமுறை வைத்தேன். பிறகு கோணி ஊசியால் குத்தினேன். நாலு பக்கம் மெத்தென்று இறங்கியது. ஐந்தாவது குத்தில் டக்.

நறநற என்றது மணல் இல்லை. பிஸ்கட் இல்லை.

ஆறு நாளாக அது என்னிடம். சீட்டு எழுதி, காட்சிக்கு வைத்திருக்கிறேன். வருகிறவனிடம் நீட்டியிருக்கிறேன்.

ஒரு விஷயம் இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. முதலில் வந்த யோசனை, அதை எடுத்துக்கொண்டு போய் ஒரகடம் ஏரியில் எறிந்துவிடலாம் என்பது. கொண்டுபோய்க் கொடுத்தால் திருடன் நான். கிழவன் சுருட்டிவிட்டுப் பையன் மேல் போட்டான் என்பார்கள். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பாயின் வண்டிச் சத்தம் கேட்டது, செருப்பைக் கழற்றினேன். அவர் கொஞ்சம் லேட்டாக வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. தூ.

பாய் உருண்டையைத் தொடவில்லை, குனிந்து பார்த்தார். "அறுக்காத. நீ அறுத்தா நீயே உள்ள வச்சேன்னு சொல்லுவாங்க. முழுசாக் கொண்டு போ. அவுங்க கையாலயே அறுக்கட்டும்."

மே 13, செவ்வாய்

குன்றத்தூர். தனசேகர் வீடு. உருண்டை ஸ்வீட் டப்பாவில், பாய் வீட்டு டப்பா. வேறு டப்பா கிடைக்கவில்லை, சத்தியமாக விளையாட்டு இல்லை.

வீட்டம்மா டப்பாவைப் பார்த்ததும், "எதுக்குங்க இதெல்லாம், உள்ள வாங்க" என்று கையில் வாங்கிக்கொண்டார். திறந்தார். மூடினார்.

"என்ன இது?"

"உங்க வண்டிம்மா. உள்ள இருந்ததெல்லாம்."

தனசேகர் வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் அறுக்கமாட்டேன், நீங்களே அறுங்கள் என்றேன். அவர் அறுக்கமாட்டார், வெள்ளைச் சட்டை. கடைசியில் அந்தம்மாதான் பேப்பர் விரித்து, பழைய கத்தியொன்றைக் கொண்டுவந்து, மூக்கைத் தோளில் பொத்திக்கொண்டு அறுத்தார். பிசுக்கு கத்தியோடு வந்தது. மருதாணிச் சிவப்பு முடி ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது.

"சீ. யாரு முடி இது?"

நான் அவர் தலையைப் பார்க்கவில்லை. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க என் வாழ்நாளிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

மூன்றாவது வெட்டில் திருகாணி. கறுப்பாக. முந்தானையில் துடைத்ததும் மஞ்சளாக.

"அப்போ இது உங்கையிலதான் இருந்திருக்கு" என்றார் தனசேகர்.

"ஆமா சார். கை சுத்தமில்லாதவன் நான்தான். போலீஸ்ல சொன்னாலும் சரி. அந்தக் கம்பெனிக்கு மட்டும் ஒரு போன் பண்ணிடுங்க."

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கறது?" வீட்டம்மா. கத்தி இன்னும் கையில். "அந்தப் பையன வாசல்ல நிக்கவச்சுப் பேசுனது நாமதான. இப்பவே பண்ணுங்க."

பண்ணினார். நேற்றே அவர்கள் விசாரித்திருக்கிறார்கள், இவரும் "யோசிச்சு எடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இப்போது "நல்லா ஓட்டுவான், நேரத்துக்கு வருவான்" என்றார். என்னைப் பார்த்தார், போதுமா என்பது போல.

"அந்த வார்த்தை சார்."

முகம் சுளித்தார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கை சுத்தமான பையன்" என்றார். காதில் விழுகிற மாதிரி.

டப்பாவை அந்தம்மா திருப்பித் தரவில்லை. குப்பையில் போட்டார். பாய் கேட்பார்.

மே 14, புதன்

பாய் டப்பாவைக் கேட்டார்.

ஜன்னல் கட்டையிலிருந்த மற்ற எட்டையும் குத்திப் பார்த்தேன். ஒன்றில் ஐம்பது பைசா. மற்றவை வெறும் அசிங்கம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். கட்டையில் ஒன்பது வட்டம், தேய்த்தும் போகவில்லை.

தனசேகர் வண்டியை எடுத்துப் போக வேறொரு டிரைவர் வந்தான். புதுசு. இசக்கியைத் திரும்பக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்" என்றான். நியாயம்.

இசக்கியிடமிருந்து தகவல் இல்லை. பாய் போனில் இருமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

கத்திரிக்காய் வாங்கினேன். சொத்தை.

மே 15, வியாழன்

வெயில். மேகம் வந்து ஏமாற்றிப் போனது.

பன்னிரண்டு மணிக்கு இசக்கி. இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் செருப்பை விட்டான், இந்த ஷெட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பாயிடம் போய், ஒரகடம் கம்பெனியில் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். பாய் கட்டிப்பிடித்தார், சட்டையில் கிரீஸ்.

என் பக்கம் வந்தான். கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என் மேஜையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, என் உள்ளங்கையில் ஊற்றினான்.

"கழுவுங்க தாத்தா."

கழுவினேன். பனியன் துணியில் துடைத்தேன். மறுபடி நீட்டினேன்.

இன்னொரு தடவை ஊற்றினான்.